அம்மாவின் விரல்களும் என் லேப்டாப்பும்

காலையில் அம்மாவால் பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. சும்மா இருக்க முடியவில்லை. 2002இல் ஹாஃப்மன், லெவ்சென்கோ, டேவிட் பால்டிமோர் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கணினி மாதிரியை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதி ஓட்டினேன்.

விஷயம் இதுதான். டிஎன்எஃப் என்ற புரதம் செல்லின் கதவைத் தட்டுகிறது. உள்ளே, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப் கப்பா பி, ஐ கப்பா பி என்ற காவலாளியின் பிடியில் இருக்கிறது. ஐகேகே என்ற நொதி அந்தக் காவலாளியை ஒழித்துக்கட்ட ஏற்பாடு செய்கிறது. விடுபட்டது உட்கருவுக்குள் ஓடி அழற்சியைக் கிளப்புகிறது. கூடவே புதுக் காவலாளியைச் செய்யும் மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. தன்னைப் பிடிக்கத் தானே போலீஸுக்கு போன் போடும் திருடன்! அதனால் திரையில் கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். பலவற்றை அசைத்தாலும் கோடு கண்டுகொள்ளவில்லை. ஐகேகேயைக் குறைத்தால் அடங்கிவிட்டது.

“கண்டுபிடிச்சிட்டேம்மா, இதை நிறுத்தினா போதும்.”

“அப்ப அந்த மாத்திரை எப்படா வரும்?”

தேடினேன். 1999லேயே பதில் இருந்தது. ஐகேகே பீட்டா இல்லாமல் உருவாக்கிய எலிகள் பிறக்கும் முன்பே செத்துப்போயின. கல்லீரல் செல்கள் கொத்துக்கொத்தாக மடிந்திருந்தன. டிஎன்எஃப் வரும்போது செல்லைச் சாகாமல் காப்பதும் என்எஃப் கப்பா பிதான். என் மாதிரியில் இருந்தது ஒரு செல். அதற்குக் கல்லீரல் கிடையாது, சாகவும் தெரியாது. கோடு அடங்கினால் எனக்கு வெற்றி, அவ்வளவுதான். அம்மாவிடம் அதைச் சொல்ல இரண்டு நாள் ஆனது.

டாக்டர் பின்னால் எழுதிக்கொடுத்தது டோஃபாசிடினிப். ஜாக் என்ற வேறொரு நொதிக் குடும்பத்தைத் தடுப்பது. என் கோப்பில் அந்தப் பெயரே இல்லை. தொடங்கும் முன் காசநோய் பரிசோதனை செய்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கினால் பதுங்கியிருக்கும் கிருமி எழுந்துகொள்ளலாம்.

இப்போது பாக்கெட்டை அம்மாவே கத்தரிக்கிறார். குளிர்காலத்தில் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்.