பேத்தி முகம் காணப் போன பயணம்

மணமான பின்னும் பெண் மக்கள் தாய் வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வதும் காயல்பட்டினத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கீழக்கரையிலும் இவ்வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வீடு என்னும் பாதுகாப்பை அளிக்கும் இந்த ஏற்பாட்டின் சிறப்பைப் பலரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால், இதன் மறுபக்கத்தில் ஒருவர் நிற்கிறார். அவரைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. அவர்தாம் மகனைப் பெற்ற தாய்.

மகள் வயிற்றுப் பிள்ளை அவருடைய மடியிலேயே தவழும். அவருடைய தலையணையிலேயே உறங்கும். மகனின் பிள்ளையோ இன்னொரு வீட்டில் வளரும். அதைக் காண வேண்டுமானால் அவரே எழுந்து போக வேண்டும். உம்மும்மா வீட்டோடு இருப்பவர்; வாப்பும்மா வந்து போகிறவர். எங்கள் ஊரில் அந்தப் போக்குவரத்துப் பெரும்பாலும் இரண்டு தெரு தொலைவுதான். அஸர் தொழுதுவிட்டுப் பண்டப் பொட்டலத்துடன் புறப்பட்டால் மக்ரிபுக்குள் திரும்பிவிடலாம்.

எங்கள் உம்மாவுக்கு அந்த இரண்டு தெரு ஏறத்தாழ 500 கிலோமீட்டராக நீண்டது. எங்கள் தம்பி குன்னூரில் பணிபுரிந்து, அங்கேயே ஒரு ராவுத்தர் குடும்பத்தில் மணமுடித்துக்கொண்டான். 2023 டிசம்பர் 14 ஆம் தேதி அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் சூட்டி முடியிறக்குவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று உம்மா மூட்டை கட்டத் தொடங்கினார்கள். பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் தைத்த பிள்ளைத் துணிகள், ஒரு வெள்ளி அரைஞாண், பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாக் கருவாடு, சம்பந்தி வீட்டாருக்குத் தம்மடை. 18 ஆம் தேதி இரவு புறப்படுவதென ஏற்பாடு.

அந்த 17, 18 ஆம் தேதிகளை எங்கள் பகுதியினர் எவரும் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான நீர் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் இறங்கிற்று. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை புரண்டது, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருப்புப் பாதையின் அடிமண்ணே அரித்துப் போயிற்று. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடியில் இருந்துகொண்டு, கட்டி வைத்த மூட்டை கீழே மிதப்பதை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஏழாம் நாள் அப்படியே கடந்தது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுகூட மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்கு எட்டியது.

தண்ணீர் வடிந்த பின் மற்றவர்கள் நாற்காலியையும் பீரோவையும் வெயிலில் போட்டார்கள். உம்மா பிள்ளைத் துணிகளை எடுத்தார்கள். சேற்று வாடை போகும்வரை கொதிநீரில் திரும்பத் திரும்ப அலசி, உப்புக் காற்றில் உலர்த்தி, மோந்து பார்த்து, மீண்டும் அலசினார்கள். அரைஞாண் கறுத்துப் போயிருந்தது. பளபளக்கும்வரை சாம்பலிட்டுத் தேய்த்தார்கள். தம்மடை மட்டும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. “ஏழு போனால் போகட்டும், நாற்பது இருக்கிறதல்லவா?” என்றார்கள். நாற்பதாம் நாள் ஜனவரி 22.

உம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ‘பனிக்காலம் கழியட்டும், பங்குனியில் போகலாம்’ என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். தம்பி நாள்தோறும் கைப்பேசியில் குழந்தையின் முகத்தைக் காட்டினான். உம்மா அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் ஒருநாளும் அதைப் ‘பார்த்தேன்’ என்று சொல்லவில்லை. ‘காட்டினான்’ என்றே சொன்னார்கள். அதற்குமேல் நாங்கள் வாதிடவில்லை. இரயில் பாதை சீராகிவிட்டிருந்தது என்றாலும், வண்டி மாறவும் நிலையப் படிகள் ஏறவும் அந்தக் கால்களால் ஆகாது. ஆகவே ஒரு காரை வாடகைக்கு அமர்த்தி, ஜனவரி 20 ஆம் தேதி சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டோம்.

குரும்பூரிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை வழிநெடுக வெள்ளத்தின் தடம் கிடந்தது. மணல் மூடிய வயல்கள், ஒரே திசையில் சாய்ந்து காய்ந்த வாழைகள். உம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வோர் ஊரின் பெயரையும் கேட்டு, அங்குள்ளவர்களுக்காகத் துஆச் செய்துகொண்டே வந்தார்கள். திருநெல்வேலி தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் எல்லாம் விரைவாகப் பின்சென்றன. திண்டுக்கல்லில், பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த தெரிந்தவர் வீட்டில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம்.

அங்கிருந்து பழனிவரை சாலை மனிதர்களால் நிறைந்திருந்தது. 25 ஆம் தேதி தைப்பூசம். காவி உடுத்தும் பச்சை உடுத்தும் ஆயிரக்கணக்கானோர் ஓரமாக நடந்துகொண்டிருந்தனர். செருப்பில்லாத கால்கள். அவர்களிடையே உம்மாவைவிட மூத்த ஒரு பெண்மணி கோலை ஊன்றி நடந்து வந்தார். உம்மா காரை மெதுவாக ஓட்டச் சொல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்களிடம், “நான் உட்கார்ந்துதானே போகிறேன், இதற்கா அத்தனை பேச்சுப் பேசினீர்கள்?” என்றார்கள். எங்களிடம் மறுமொழி இல்லை.

மேட்டுப்பாளையம் சேரும்போது இருட்டிவிட்டது. மலைப்பாதையில் இரவுப் பனிமூட்டம் இருக்குமென்பதால் அங்கேயே தங்கி, விடிந்ததும் ஏறினோம். கல்லாறு வரை பாக்குத் தோப்புகள். பிறகு பாதை சுருளத் தொடங்கிற்று. கொண்டை ஊசி வளைவுகள் 14. கடலைவிட்டு இவ்வளவு உயரம் வந்தறியாத உம்மாவுக்குக் காது அடைத்தது. கண்ணை மூடித் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பர்லியாரைத் தாண்டியதும் குளிர் உள்ளே நுழைந்தது. கடலோரத்து வீடுகளில் கம்பளி ஏது? இரவல் வாங்கிய ஒரு சால்வைக்குமேல் இரண்டு சேலைகளைச் சுற்றியிருந்தார்கள். குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாங்கள் போய் இறங்கியபோது தெருவின் அடுத்த முனை தெரியவில்லை.

உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது. சம்பந்தி வீடு சரிவில் அமைந்த வீடு. சாலையிலிருந்து 40 படிகளுக்குமேல் இறங்க வேண்டும். படியெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. சம்பந்தியம்மா பதறிப்போய், “நீங்கள் இறங்காதீங்க மச்சி, பிள்ளையைப் போர்த்தி மேலே கொண்டு வந்து காட்டுறோம்” என்று கீழிருந்து குரல் கொடுத்தார்கள். அன்பினால் சொன்ன சொல்தான். உம்மா மறுத்துவிட்டார்கள். “பச்சைப் பிள்ளையைப் பனியில் எடுக்கக் கூடாது. அது மட்டுமில்லை, பிள்ளை இருக்கிற இடத்துக்கு நாம்தான் போகணும். தெருவுக்கு வரவழைத்துப் பார்த்தால் அது பார்த்ததாகாது” என்றார்கள்.

தம்பி ஒருபுறம், நாங்கள் ஒருபுறம் தாங்க, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நடுவில் இருமுறை படியிலேயே உட்கார்ந்தார்கள். இறங்கி முடிக்க அரைமணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தும் உடனே குழந்தையை வாங்கவில்லை. கை சில்லிட்டிருக்கிறதென்று சொல்லி, வெந்நீர் கேட்டு, கைகளை அதில் வைத்துச் சூடேற்றி, துடைத்துக்கொண்ட பிறகே நீட்டினார்கள். குழந்தை அந்தத் துணியில், சாம்பலால் துலங்கிய அந்த அரைஞாணுடன், அவர்கள் மடியில் உறங்கிற்று. அந்த வீட்டில் தந்தையை அத்தா என்பார்கள். பாட்டியை நன்னி என்பார்கள். குழந்தை எங்கள் உம்மாவை எப்படி அழைக்கும் என்று பேச்சு வந்தது. “எப்படியும் அழைக்கட்டும், அழைக்கிற தூரத்தில் நான் இருந்தால் போதும்” என்றார்கள் உம்மா.

இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வாழ்கிறார்கள். இரண்டு தெரு என்பது பலருக்குக் கடல் தாண்டிய தொலைவாகிவிட்டது. எல்லாருக்கும் போய்வர வாய்க்காது. போக முடியாதவர்கள்மீது குறையுமில்லை. ஆயினும், பேரப்பிள்ளையைக் காண்பது தமக்கு வந்து சேரவேண்டிய உரிமை என்று எண்ணாமல், தாம் சென்று நிறைவேற்றவேண்டிய கடமை என்று கருதிய தலைமுறை ஒன்று நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரத்தம் உறவைப் பிறப்பிக்கிறது. நடையே அதைப் பிழைக்க வைக்கிறது. அந்தத் தலைமுறை புறப்படுகிறேன் என்று சொல்லும்போது, பனியையும் முழங்காலையும் காட்டித் தடுப்பதைவிட, வண்டிக்குச் சொல்லிவிட்டு உடன் ஏறி அமர்வதே நாம் செய்யத்தக்கது. நாற்பதாம் நாளை நிறைவாக முடித்துக்கொண்டு திரும்பிய எங்கள் உம்மா, அதன்பின் மேலும் இருமுறை அந்த மலை ஏறி, அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறார்கள்.