இரண்டாவது திறவுகோல்

பூட்டு வலிமையாக இருக்கவேண்டும் என்று விரும்பாதவர் இல்லை. அதன் திறவுகோல் யார் யாரிடம் இருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இன்று நிறுவனங்கள் பலவும் தம் பதிவேடுகளை மேகத்தளங்களில், அதாவது இணையத்தின் வழியே எட்டக்கூடிய தொலைதூரக் கணினிகளில் வைத்துள்ளன. 2012-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட 'ஸ்னோஃப்ளேக்' அத்தகைய தளங்களுள் ஒன்று. அதில் ஒருவர் கடவுச்சொல்லைத் தொடர்ந்து 5 முறை தவறாக இட்டால், 15 நிமிடங்களுக்குக் கதவு அடைபடும். நிர்வாகி விரும்பினால் உடனே திறந்துவிடலாம். கைப்பேசி தொலைந்து இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இயலாமற்போனாலும் அவரே கைகொடுக்கிறார்.

அந்த நிர்வாகியே இல்லாமற்போனால்?

நான் முன்பு பணியாற்றிய அலுவலகமொன்றில் அது நேர்ந்தது. அங்கிருந்த தளத்தின் உச்ச அதிகாரம் ஒரே மனிதரிடம் இருந்தது. திறமையானவர், பொறுப்பைப் பகிர்ந்தால் காவல் தளரும் என்று நம்பியவர். மாதக் கடைசியில் திடீரென நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒப்பந்தத் தொழிலாளரின் வேலைநாள் கணக்கு உள்ளே, நாங்கள் வெளியே. கூலி மூன்று நாள் தாமதமாயிற்று. துப்புரவுப் பணி செய்த அம்மா ஒருவர், "கம்ப்யூட்டர் சாவி தொலைஞ்சு போச்சாமே, கிடைச்சிருச்சா சார்?" என்று தினமும் கேட்டார். அவருடைய வீட்டு வாடகை நாள் கடந்துகொண்டிருந்தது.

இத்தகைய நிலையை ஸ்னோஃப்ளேக்கின் வழிகாட்டிக் குறிப்புகள் முன்னரே எண்ணியுள்ளன. உச்சப் பொறுப்பைக் குறைந்தது இருவருக்கேனும் அளியுங்கள் என்கின்றன. ஒருவர் வெளியே நிற்க நேர்ந்தால் மற்றவர் திறப்பார். அன்றாட வேலைகளுக்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் எச்சரிக்கின்றன.

பகிர்தல் என்பது ஒரே கடவுச்சொல்லைப் பலர் வைத்திருப்பதன்று. 2024-இல், திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு அத்தளத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் பலவற்றில் கயவர் நுழைந்தனர். ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அவர்கள் நுழைந்த கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. சில கடவுச்சொற்கள் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படவில்லை. ஆகவே பொறுப்பாளர் இருவர்க்கும் தனித்தனிப் பெயரும், தனித்தனிக் கடவுச்சொல்லும், தனித்தனிச் சரிபார்ப்பும் தேவை.

காவலின் நோக்கம் பதிவேட்டைக் காப்பது மட்டுமன்று. அதை நம்பி வாழ்வோரைக் காப்பதுமாகும். தாம் இல்லாத நாளிலும் பிறர் கூலி தடைப்படாதவாறு வழிசெய்து வைப்பவரையே நல்ல நிர்வாகி என்பேன். அன்பரே, உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது திறவுகோல் யாரிடம் உள்ளது?