சவர்த் தண்ணீரும் சவரக் கத்தியும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், எதைப் பற்றி எழுதுவதாக உத்தேசம் என்று வினவினார். முகச்சவரத்தைப் பற்றி என்றேன். அவர் சிரித்துவிட்டார். சங்கச் செய்யுளும் வடமோடிக் கூத்தும் இருக்க, தாடி வழிப்பதுதானா பொருளாக அகப்பட்டது என்பது அச்சிரிப்பின் கருத்து. ஆனால் அவரது கன்னத்தில் அன்று காலையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. அதன்மேல் செய்தித்தாளின் சிறு துண்டும் ஒட்டியிருந்தது. என் பொருள் அவருக்கும் முற்றிலும் அந்நியமானதன்று என எண்ணிக்கொண்டேன். தோழியர் மட்டும் பொறுத்தருள வேண்டும்.

வள்ளுவர் இவ்விடயத்தை ஒருமுறை தொட்டுச் சென்றிருக்கிறார். கூடாவொழுக்க அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நடத்தை தூயதாயின் துறவிக்கு மொட்டையும் சடையும் ஒருங்கே தேவையற்றவை என்று தள்ளிவிடுகிறார். துறவிக்கு அது போதும். காலை எட்டு மணி விரிவுரைக்கு ஓடவேண்டிய இளைஞன் வாரத்துக்கு எத்தனை முறை முகம் மழிக்க வேண்டும் என்பதை அவர் கூறவில்லை.

எனக்கு அதைக் கூறியவர்கள் மூத்த மாணவர்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே விதி அறிவிக்கப்பட்டது: புதுமுக மாணவர் யாவரும் நாள்தோறும் மழித்த முகத்துடன் வரவேண்டும், மீசையும் ஆகாது. ஒருவர் பஞ்சுத் துண்டொன்றை வைத்திருந்தார். அதை எங்கள் கன்னத்தில் கீழிருந்து மேலாக இழுப்பார். இழை ஒன்று சிக்கிக்கொண்டால் அன்று மாலை தண்டனை. பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், எங்களிற் பலர் பிறக்கு முன்பே நிறைவேறிவிட்டது. பஞ்சு வைத்திருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அல்லது நன்றாகவே தெரிந்திருந்தது.

அக்காலத்தில் என் தாடி தாடியென்று சொல்லத்தக்கதன்று. இருந்தும் விடிய ஐந்து மணிக்கு விடுதிக் குழாயடியில் வரிசையில் நின்று, குளிக்கும் சவர்க்காரத்தைப் பூசி, பத்துத் தடவைக்கு மேல் பாவித்த பிளாஸ்ரிக் றேசரால் அவசர அவசரமாகச் சுரண்டுவேன். பஞ்சுக்குப் பயந்து மேல்நோக்கியும் இழுப்பேன். மூன்று வாரத்துள் கழுத்தெல்லாம் செந்நிறக் கொப்புளம். மழித்த மயிர் வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்திருந்தது. அந்தக் கழுத்தோடுதான் முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரைக் கிராமங்களுள் ஒன்று. வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் வாவி, அதற்கப்பால் படுவான்கரை. அம்மப்பா எங்களோடுதான் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைக் கண்டதும் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆர் மனே உன்ட கழுத்த இப்பிடிச் சுரண்டினது?"

நான்தான் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாட்கள் முகத்திற் கத்தி வைக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். நான்காம் நாட் காலை கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார்.

முதற்பாடம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் கிணற்று நீர் மாரி கழிந்து சில மாதங்களிற் சவர்க்கத் தொடங்கும். சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நீரிலுள்ள கல்சியம், மக்னீசியம் உப்புக்களோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். அந்தக் கசடு முகத்திற் படிய, கத்தி அதன்மேல் தடுக்கித் தடுக்கிச் செல்லும். அம்மப்பாவுக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் மாரிகாலத்தில் பீலியால் வழியும் மழைநீரைப் பானையொன்றில் மூடி வைத்திருப்பார். அதற்குச் சவரப் பானை என்று பெயர். அதிலிருந்து அம்மம்மா சோற்றுக்கு நீர் எடுத்த நாளில் வீட்டிற் சிறு பூசல் நிகழும். சவரம் என்பது வடமொழிச் க்ஷௌரத்தின் திரிபு. சவர்த் தண்ணீரின் சவரோ உப்பைக் குறிப்பது. ஒலியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு சொற்களும் எங்கள் கிணற்றடியில் ஒன்றுக்கொன்று பகையாய் இருந்தன.

மழைநீரை இளஞ்சூடாக்கித் துணியை நனைத்து முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதே என் முதற் பிழை. மயிர் நீரை உறிஞ்சிப் பருக்கும், மென்மையடையும். உலர்ந்த மயிரை அறுக்கத் தேவைப்படும் விசையிலும் நனைந்த மயிரை அறுக்கும் விசை மிகக் குறைவு. பின்னர் சிரட்டையொன்றில் சவர்க்காரத்தை இட்டுத் தூரிகையால் வட்டமாகக் கலக்குவார். தொடக்கத்திற் பெரிய குமிழிகள் எழும், அவை ஆகா. அவை உடைந்து, தயிரைப் போல் இறுகிப் பளபளப்பாகும்வரை பொறுமையோடு கலக்குவார். அந்த நுரை முகத்தில் ஏறும்போது உண்டாகும் இதத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. ஐந்து மணிக் குழாயடியில் அனுபவித்ததும் சவரந்தான், இதுவும் சவரந்தான்.

கத்தி மூன்று பாகமாகக் கழற்றும் உலோக றேசர். 1963 இல் தம் முதற் சம்பளத்தில் மட்டக்களப்பு நகரிலே வாங்கியது. இருபுறமும் கூருள்ள மெல்லிய பிளேட்டை அதன் தலைக்குள் வைத்து முறுக்குவார். நான் அதை வாங்கிக் கன்னத்தில் அழுத்தினேன்.

"அமத்தாத மனே. அது தன்ட பாரத்தில போகட்டும்."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் அன்று பத்துத் தடவையாவது கூறியிருப்பார். கைப்பிடியைத் தாழ்த்தி, கூர் மயிரை மட்டும் தொடும்படி சாய்த்து, மயிர் வளரும் திசையிலேயே முதலில் இழுக்க வேண்டும். கழுத்தில் அத்திசை எது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்; என் கழுத்தின் இடப்பக்கத்தில் மயிர் பக்கவாட்டில் வளர்கிறது என்பதை இருபது வயதில் அன்றுதான் அறிந்தேன். இறுதியில் குளிர்ந்த நீர், அதன்பின் ஈர முகத்தில் சீனாக்காரக் கட்டி. எரிச்சல் எங்கே மிகுகிறதோ அங்கே கத்தியை அழுத்தியிருக்கிறோம் என்று பொருள். அதைவிட நேர்மையான பரீட்சகரை நான் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

அந்த றேசரின் மூல வடிவத்துக்கு அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெற் 1904 இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் அவரது நிறுவனம் விற்றவை 51 றேசர்களும் 168 பிளேட்டுகளுமே. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு அது வழங்கப்பட்ட பின்னர், தம் முகத்தைத் தாமே மழிக்கும் வழக்கம் வீடுதோறும் பரவியது. எங்கள் ஊரிலோ அம்மப்பாவின் தந்தையார் காலம் வரை, திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு நாவிதர் வந்து மழித்துவிடுவதே முறை. கூலி காசாக அன்றி, சூடடிப்பு முடிந்ததும் நெல்லாக அளக்கப்படும். சவரத்துக்கு வந்தவர் திண்ணைக்கு அப்பால் வீட்டுக்குள் நுழைந்ததில்லை என்பதையும் அம்மப்பா மறைக்காமற் கூறினார். "அந்த மனுசன் எனக்கு அப்பன்ட வயசு. அவர முத்தத்தில நிக்க வெச்சு முகத்தக் காட்ட எனக்கு வெக்கமாக் கிடந்திச்சு" என்றார். றேசர் வாங்கியதற்குக் காரணம் அதுதானா, அல்லது முதற் சம்பளக்காரனுக்குரிய ஆசையா என்று நான் கேட்டேன். இரண்டுந்தான் என்றார்.

எத்தனை நாளுக்கொருமுறை என்ற கேள்வியை அவரிடமும் வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் அவர் கத்தி எடுக்கமாட்டார், அமாவாசையிலும் இல்லை, பொழுதுபட்ட பின் எந்நாளும் இல்லை. இதற்குச் சாத்திரம் ஒரு காரணம். ஆயினும் அவ்விடைவெளியினால் தோலுக்குக் கிடைக்கும் ஓய்வைப் பற்றியே அவர் அதிகம் பேசினார். அடிக்கடி மழித்தால் தாடி தடித்து வளரும் என்பதை மட்டும் உறுதியாக நம்பினார். மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் 1928 இலேயே ஆராய்ந்து, மழிப்பதால் மயிரின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை எனக் காட்டிவிட்டதை நான் எடுத்துரைத்தேன். நுனி கூராக முளைத்த மயிர், மழித்தபின் மொட்டையான நுனியோடு வெளிவருவதால் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. அம்மப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பிளைக்குத் தாடி இருந்திச்சா?" என்றார்.

1970 இல் நேச்சர் இதழில் வெளியான குறிப்பொன்றை அவரிடம் நான் சொல்லவில்லை. தனித்தீவொன்றில் வாரக்கணக்காகத் தங்க நேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தம் பெயரை வெளியிடாமல், நாள்தோறும் மழித்த தாடியை நிறுத்துப் பார்த்தார். துணையைப் பிரிந்து தீவில் இருந்த நாட்களில் வளர்ச்சி குறைந்ததென்றும், திரும்பிச் சேரும் நாள் நெருங்கியபோது அது மிகுந்ததென்றும் எழுதினார். அகத்திணை மாணவர் சிந்திக்க வேண்டிய செய்தி.

பிளேட்டின் ஆயுளைப் பற்றியும் எங்களுக்குள் வழக்கு இருந்தது. மயிரைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. பின் ஏன் சில சவரங்களில் மழுங்குகிறது? எஃகின் நுண்ணமைப்பு எங்கும் ஒருசீராக இல்லை என்றும், சாய்ந்து வளைந்த மயிர் அதன் நலிந்த இடத்திற் படும்போது விளிம்பில் நுண்ணிய துண்டு பெயர்ந்துவிடுகிறது என்றும் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர் 2020 இல் கண்டறிந்தனர். அம்மப்பாவோ பழைய பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்து இன்னும் இரண்டு நாளைக்கு ஓட்டுவார். தட்டுப்பாட்டுக் காலத்தின் பழக்கம்.

என் தந்தையாரின் கணக்கு வேறு. அவர் ஒருநாளும் தவறாமல் மழிப்பவர். செவ்வாய் வெள்ளியும் அவருக்கில்லை. 1990 களில் அவர் வேலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. ஆளடையாள அட்டையில் இருந்ததோ பள்ளிப்பருவத்து முகம், மயிரற்றது. ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாட்கள் மழிக்காதிருந்து, ஐந்தாம் நாள் அங்கே போய் நின்றார். அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தவர்கள் மாலைவரை அவரை வெயிலில் இருத்திவைத்தார்கள். அன்று தொடங்கியது அந்த ஒழுங்கு. 2009 இல் போர் முடிந்தது; சாவடியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலும் அப்பா கண்ணாடி முன் நிற்கிறார். அவருடைய சவரத்தில் நுரையுமில்லை, சூடான நீருமில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அம்மப்பா அதைக் குறைகூறியதில்லை. 1978 நவம்பர் 23 ஆந் திகதி சூறாவளியில் வீட்டுக் கூரை போனது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மூன்றாம் நாள், இடிந்த சுவருக்கடியில் அந்த றேசர் கிடக்கக் கண்டு, பள்ளமொன்றிலே தேங்கியிருந்த மழைநீரால் வாவியைப் பார்த்தபடி இருந்து அவர் முகம் மழித்தாராம். மாஸ்ரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டதை அம்மம்மா சொல்லிச் சிரிப்பார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன கையில கிடைச்சது மனே" என்றார்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். இறுதி நாட்களில் கை நடுங்கியதால் அவருக்கு நானே மழித்துவிட்டேன்; அப்போதும் "அமத்தாத" என்றார். துடக்குக் காலமான 31 நாட்களும் வீட்டு ஆண்கள் முகத்திற் கத்தி வைக்கவில்லை. மருமகனுக்கு அத்தனை நாள் கட்டாயமில்லை என்று உறவினர் சிலர் அப்பாவிடம் கூறினர். அவர் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளாக ஒருநாளும் தவறாதவரின் முகத்தில் வெண்ணிறத் தாடி முளைப்பதை நான் அப்போதுதான் கண்டேன். இரண்டாம் வாரத்தில் ஏதோ அலுவலாக இருவரும் நகருக்குப் போனோம். பழைய சாவடி இருந்த இடத்தைக் கடக்கையில் அவர் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போய் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. மறு கை தாடியைத் தடவியது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின் கிணற்றடியில் மழைநீரைச் சூடாக்கி, சிரட்டையில் நுரை கலக்கினேன். அப்பா மறுப்பின்றி வந்து அமர்ந்தார். அம்மப்பாவின் றேசரால் அவருக்கு மழித்துவிட அரைமணி நேரம் சென்றது. நடுவில் ஒருமுறை, "இவ்வளவு நேரமா?" என்று கேட்டார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

இப்பொழுது நான் மூன்று நாளுக்கொருமுறை மழிக்கிறேன். என் கழுத்துக்கு அதுவே பொருந்துகிறது. இவ்வாண்டு புதுமுக மாணவர் வந்தபோது எங்கள் அணியில் ஒருவர் பஞ்சுத் துண்டை எடுத்தார். நான் அந்த இடத்துக்குப் போகவில்லை என்பதைத் தவிர வீரமாக எதுவும் செய்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, விடுதிக் குழாயடியில் மாணவர் ஒருவர் நாடியில் இரத்தம் வடிய நின்றார். அறைக்குக் கூட்டிச்சென்று சீனாக்காரக் கட்டியைக் கொடுத்தேன். எரிச்சல் தாங்காது முகத்தைச் சுளித்தபடி, "அண்ணா, நாளைக்கும் எடுக்கவேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பின்பு என் இரண்டு நாள் தாடியைப் பார்த்தார்.