மொரிஷியஸ்: கடற்கரையைத் தாண்டியும் பாருங்கள்

மொரிஷியஸ் போகும் நம்மவர்கள் பலரும் நீலக் கடலையும் வெண்மணலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தீவின் மற்ற இடங்களுக்கும் ஒன்றிரண்டு நாள் ஒதுக்குங்கள்.

தென்மேற்கு முனையில் கடலோரம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது லெ மோர்ன் மலை. 556 மீட்டர் உயரம். 18ஆம் நூற்றாண்டிலும் 19இன் தொடக்கத்திலும், தப்பியோடிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 2008 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாமரெல். எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்து, இரும்பும் அலுமினியமும் மிஞ்சியதால் மண்மேடுகள் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று நிறம் பிரிந்து கிடக்கின்றன.

என்னை உலுக்கிய இடம், போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் உள்ள ஆப்ரவாசி காட். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய இடம் இது. தமிழர்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலரை ரீயூனியன், ஆப்பிரிக்கா என்று மறுபடி கப்பலேற்றினார்கள். அங்குள்ள கற்படிகளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அத்தனை துயரிலும் முருகனைத் தமிழர்கள் கைவிடவில்லை. இன்று அங்கே தைப்பூசக் காவடி நாள் அரசு விடுமுறை!

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் ஆப்ரவாசி காட் போங்கள். அந்தத் தீவை உழைத்து உருவாக்கியவர்கள் யாரென்று அவர்களுக்குச் சொல்லுங்கள். கடற்கரைக்கு அப்புறம் போகலாம்.