மண்பானையும் குளிர்ப்பெட்டியும்

போர்க்காலக் கிளிநொச்சியில் எங்கள் வீடு மின்சாரத்தை அறியாதிருந்தது. காய்ச்சல் மாறிய தம்பி, "ஐஸ்பழம் வேணும் அம்மா" என்று அழுதான். அம்மா மண்பானைத் தண்ணீரில் விளாம்பழமும் பனங்கட்டியும் கரைத்துக் கொடுத்தார். பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுசெல்லும். அதனால் உள்ளே உள்ள நீர் குளிரும். ஆயினும் அது உறைவதில்லையே!

2009 இல் போர் ஓய்ந்தது. பின்னர் மின்சாரமும் வந்தது. சென்ற ஞாயிறன்று, முதல்நாள் இரவே உறையவைத்த 2 கதலிப்பழங்களின் துண்டுகளோடு, விதை நீக்கி உறையவைத்த விளாம்பழக்கூழும் பனங்கட்டித் தூளும் 3 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து அரைத்தேன். நீர் ஒரு துளியும் விடவில்லை, விட்டால் இளகிவிடும். கிண்ணத்திற் கரண்டி நிமிர்ந்து நின்றது.

அம்மா ஒரு கரண்டி சுவைத்தார். பின் கிண்ணத்தை மூடி, "உருகமுதல் உள்ளே வை, தம்பி வரட்டும்" என்றார். நாற்பதைக் கடந்த தம்பி வயலால் வரும்வரை அவர் மறுகரண்டி தொடவில்லை.