காரும் விளக்கும்

மாற்று எரிபொருள் என்னும் தொடரை நாம் பெரும்பாலும் எதிர்காலத்துக்குரியதாகவே கையாளுகின்றோம். 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர்க்கோ அது நாளாந்த அனுபவம். பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எனினும் கார்கள் முற்றாக நின்றுவிடவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். புகையையும் நெடியையும் எவரும் பொருட்படுத்தவில்லை.

இதில் மாயவித்தை எதுவுமில்லை. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் தொடக்கத்துக்குப் பெற்றோலும் பின்னர் இயந்திரத்தின் சூடும் வேண்டப்பட்டன. அன்றியும், அழுத்தம் மிகுந்த இயந்திரத்தில் அது முறைதவறித் தானாகவே பற்றிக்கொண்டு இயந்திரத்தை இடிக்கச் செய்யும். பழங்கார்களின் அழுத்த விகிதம் குறைவு; அதனாலேயே அவை தாக்குப்பிடித்தன. புதிய வண்டியிலும் கிழட்டு வண்டிக்கு மதிப்பேறிய விந்தைக்கு இதுவே காரணம். பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களுட் சில, 1940களின் இறுதியிலேயே பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயையொத்த எண்ணெயில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தன. நம்மூர் மெக்கானிக்குகள் அதே தத்துவத்தை, அதற்கென அமைக்கப்படாத இயந்திரங்களிற் பிரயோகித்தனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது, தேய்மானம் விரைந்தது. வேறு வழி இருக்கவில்லை.

ஆயினும் அக்காலத்தை எண்ணும்போது காரைவிட மண்ணெண்ணெய்ப் போத்தலே என் மனக்கண்ணில் முதலில் தோன்றுகின்றது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது உறிஞ்சுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு எரித்த சிறு விளக்கிலேதான் எங்கள் தலைமுறை படித்தது. தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதே எண்ணெய்தான். அயலிலுள்ள வாடகைக் காரோட்டி நள்ளிரவில் வந்து கேட்டால் மறுக்க இயலாது. பிரசவ வேதனையில் ஒருத்தி காத்திருப்பாள். கொடுத்துவிட்டாலோ மறுநாள் மாலையிற் புத்தகங்கள் மூடப்படும். வாகன எரிபொருள், வீட்டுச் சக்தி எனப் பாடநூல்கள் பிரித்துவைக்கும் இரண்டும் அந்த ஒரு போத்தலுக்குள் அடங்கியிருந்தன. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கும் சமையல் வாயுவுக்கும் வரிசையில் நின்று, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும் கண்டபோது, ஏனையோரும் இதனை உணர்ந்திருப்பர்.

ஆகவே, எதிர்காலக் காருக்குரிய எரிபொருள் எதுவென்று கேட்கும்போது, அது வீட்டிலிருந்து எதனைப் பறிக்கும் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டியுள்ளது. பிரேசில் 1975இல் கரும்பிலிருந்து பெறும் எதனோலை வாகனங்களுக்குப் பயன்படுத்தும் பெருந்திட்டத்தைத் தொடங்கி வெற்றியும் கண்டது. பரந்த நிலமுடைய நாடு அது. சிறு தீவில் எரிபொருட் பயிர் உணவுப் பயிரின் நிலத்தையே கேட்கும். ஐதரசனைப் பலர் புகழ்கின்றனர். மின்னைச் செலவிட்டு நீரைப் பகுத்து, பெற்ற ஐதரசனை அமுக்கிச் சேமித்து, காரில் மீண்டும் மின்னாக்கும்போது தொடக்கத்திலிருந்த மின்னில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மிஞ்சும். நமது கார்களைப் பொறுத்தவரை அது வீண்செலவென்பதே என் கருத்து.

மின்கார் வேறுவகைப்பட்டது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 அலகு மின்சாரத்துக்கு ஈடான சக்தி உண்டு. பழைய காரொன்று அதனைக் கொண்டு 10 கிலோமீற்றர் அளவில் ஓடும். இயந்திரம் அதிற் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே எறிந்துவிடுகின்றது. 10 அலகு மின்சாரமோ இன்றைய மின்காரை 60 கிலோமீற்றர் வரை கொண்டுசெல்லும். அம்மின்னைக் கூரைச் சூரியகலங்களே தரவல்லன.

எனினும் சூரியன் நண்பகலிற் தருகின்றான். நாமோ இரவில் விளக்கேற்றுகின்றோம். 2025 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையால் மின்தேவை வீழ்ந்தபோது, 13ஆந் திகதி முதல் 21ஆந் திகதி வரை பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியகலங்களை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கோரப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் இருளிலிருந்த நாடு, வந்த ஒளியைத் திருப்பியனுப்பியது! சேமிக்க இடமில்லை என்பதே குறை.

அவ்விடம் காரிலேயே உண்டு. 50 அலகு கொள்ளும் பற்றரியுடைய கார், மாதம் 90 அலகு செலவிடும் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கும் மேலான மின்சாரத்தைத் தாங்கி நிற்கின்றது. பகலில் நிரப்பி, இரவில் வேண்டியளவை வீட்டுக்குத் திருப்பலாம். மண்ணெண்ணெய்ப் போத்தல் இவ்வசதியை ஒருபோதும் தந்ததில்லை. ஆயின் மின்னை இருதிசையிலும் செலுத்தும் கருவி காரிலும் வீட்டிலும் வேண்டும். இரவில் திருப்பித்தரும் அலகுக்குப் பகல் அலகிலும் கூடிய விலை வேண்டும். பகல் முழுதும் கார் நிற்கும் அலுவலக முற்றத்தில் மின்னேற்றும் இணைப்பும் வேண்டும். காரில்லாத வீடுகளே நம்மிடையே மிகுதி. அவற்றுக்கு ஊர்தோறும் பொதுப் பற்றரி நிலையங்கள் அமையவேண்டும். கார்களுக்குச் சலுகை வகுப்பதற்கு முன்னரே அதற்கான பணம் ஒதுக்கப்படுதல் தகும்.