பரணில் இருந்த பாட்டு

மகளின் பிரசவத்துக்காக மணிலா போயிருந்தேன். கிளம்பும்போது என் கணவரிடம், "பரணில் கிடக்கிற ஹார்மோனியத்தைப் போகிக்குள்ளே பழைய சாமான்காரருக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அது என் அம்மாவுடையது. துருத்தியை எலி கடித்து, அழுத்தினால் 'புஸ்' என்று காற்றுதான் வரும். வீணாக இடத்தை அடைக்கிறதே என்ற எரிச்சல் எனக்கு.

பேத்திக்கு நாற்பது நாள் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை லாஸ் பின்யாஸுக்கு அழைத்துப் போனார். அங்கே புனித சூசையப்பர் தேவாலயத்தில் ஒரு ஆர்கன் இருக்கிறது. எதனால் செய்தது தெரியுமோ? மூங்கிலால்!

ஆர்கனும் ஹார்மோனியம் மாதிரி காற்றில் பாடுவதுதான். ஹார்மோனியத்தில் பித்தளை நாக்கு அதிரும். இதிலோ கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழல்களில் காற்று பாயும். மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில். பூஜை தொடங்கி அது பாடியபோது, நூறு புல்லாங்குழல்கள் ஒன்றாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. குருவி கத்துகிற மாதிரி ஒலி எழுப்பும் குழல்கள்கூட உண்டாம்!

தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1816-ல் இந்த வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்து, பூச்சி அரிக்காமல் தேறியதை மட்டும் எடுத்துக்கொண்டாராம். நாம் உளுந்து பொறுக்குவதுபோலத்தான்! உலோகக் குழல்களும் சேர்ந்து, 1824-ல் ஆர்கன் முழுமையானது.

அப்புறம் பூகம்பம், புயல். பல குழல்கள் ஊமையாகிவிட்டன. 'பழைய மூங்கில்தானே' என்று அடுப்பில் வைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் அதன் அருமை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1973-ல் அதைக் கழற்றி, ஜெர்மனியில் பான் நகரத்து கிளைஸ் பட்டறைக்குக் கப்பலேற்றினார்கள். குளிர் நாட்டில் மூங்கில் வெடித்துவிடக் கூடாதே என்று, பிலிப்பைன்ஸின் வெக்கையும் ஈரமும் உள்ள தனி அறையே அமைத்தார்களாம். பிள்ளை பெற்ற வீடு தோற்றது போங்கள்! 1975-ல் அது ஊர் திரும்பியது. 1976 முதல் வருஷாவருஷம் அதற்கென்றே இசை விழா நடக்கிறது. 2003-ல் அதைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாகவும் அறிவித்தார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீடு வந்ததும் முதல் வேலையாக ஊருக்குப் போன் போட்டேன்.

"ஹார்மோனியத்தைப் போட்டுட்டீங்களா?"

"நாளைக்கு வரேன்னிருக்கான். நீதானே போடச் சொன்னே?"

"வேண்டாங்க! தொடாதீங்க!"

ஊர் திரும்பி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "துருத்தித் தோலுதாம்மா போயிருக்கு. உள்ளே நாக்கெல்லாம் நல்லா இருக்கு" என்றார். இப்போது தினமும் விளக்கேற்றியதும் கொஞ்ச நேரம் வாசிக்கிறேன். சும்மா வைத்தால் மறுபடியும் எலிதானே குடியேறும்! அம்மா யாரிடம் கற்றாள், எப்போது வாங்கினாள் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டியும் வைத்துவிட்டேன். பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் யாரைக் கேட்பேன்?

அடுத்த போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, சகோதரிகளே, தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள்.